மின்தடைப் பட்டியலை முந்தின நாளே போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் உள்பக்கத்தின் கீழ் மூலையில் 'இன்றைய மின்தடை' என்று ஒரு சின்னக் கட்டம் வருகிறது. பேப்பர் கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். தலைப்புச் செய்தியெல்லாம் அப்புறம்தான். அந்தக் கட்டத்தைப் பற்றி ஒரு கோரிக்கை வைக்கவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் உசிலம்பட்டி வட்டத்தில், செல்லம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவள். சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்று 6 வருஷம் ஆகிறது. நாலு வருஷமாக வீட்டில் இன்குபேட்டர் வைத்து நாட்டுக்கோழி முட்டைகளைப் பொரிக்க வைக்கிறேன். 60 முட்டை பிடிக்கும் தெர்மாகோல் பெட்டி அது. உள்ளே இரண்டு பல்பு, ஒரு குட்டி ஃபேன், தண்ணீர் வைக்க ஒரு தட்டு, மூடியில் சூட்டைக் காட்டும் சிவப்பு எண். 37.5 டிகிரியில் வைத்தால் பல்பு தானாக எரிந்து தானாக அணையும். எங்கள் தெருவிலும் மேலத்தெருவிலுமாகச் சேர்த்து இப்போது ஐந்து வீட்டில் இந்தப் பெட்டி இருக்கிறது. ஐந்தையும் பார்த்துக்கொள்வது பெண்கள்தான்.

எங்கள் ஊருக்கு உங்கள் பேப்பர் வந்து சேரக் காலை 7 மணி ஆகும். பராமரிப்புப் பணி என்றால் கரண்ட் நிற்பது 9 மணிக்கு. இடையில் இருப்பது 2 மணி நேரம். அதுவும் அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்தால்தான் உண்டு.

கோழி இருக்கும்போது பெட்டி எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்கள் பக்கத்துச் சிறுவிடைக் கோழி ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை இடும், மிஞ்சிப்போனால் பதினைந்து. உடனே அடைக்குக் கேற ஆரம்பித்துவிடும். அடையில் 21 நாள் உட்காரும். பிறகு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு மாசத்துக்கு மேல் திரியும். அதுவரை மறு முட்டை கிடையாது. ஆக, வருஷத்துக்கு மூன்று நாலு தடவைதான். முட்டையை அன்றன்றைக்கு எடுத்துச் சேர்த்துப் பெட்டியில் வைத்துவிட்டு, கோழியின் அடையையும் தெளிய வைத்துவிட்டால், அது சீக்கிரம் மறுபடி முட்டைக்கு வந்துவிடும். எங்கள் பக்கத்தில் மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்கு வெளியூரிலிருந்து சொந்தபந்தமெல்லாம் வந்து இறங்கும். அப்போது நாட்டுச் சேவலுக்கு இருக்கிற கிராக்கி வருஷத்தில் வேறெப்போதும் இருக்காது. மாசியில் சேவல் கையில் இருக்க வேண்டுமானால் ஆவணியிலேயே முட்டை வைத்துவிட வேண்டும். ஒரே சமயத்தில் 40 முட்டையில் உட்காரக் கோழியால் முடியாது, பெட்டியால் முடியும்.

எங்கள் அப்பத்தா அடை வைத்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கூடையில் மணல் பரப்பி, அதன்மேல் வைக்கோல் போட்டு, ஓரத்தில் ஒரு இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, இரண்டு காய்ந்த மிளகாய் வைப்பார். இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகிவிடாமல் இரும்பு காக்கும் என்பது அவர் நம்பிக்கை. அடைக்கோழி தினமும் ஒரு தடவை இரை எடுக்கக் கீழே இறங்கும். கால் மணி, இருபது நிமிஷம் முட்டைகள் திறந்து கிடக்கும். பிள்ளைகள் நாங்கள் பதறுவோம், முட்டை ஆறிவிடுமே என்று. "ஆறட்டும்டி, ஆறினா ஒண்ணும் ஆகாது" என்பார் அப்பத்தா. அந்த வார்த்தையின் அருமை எனக்குப் போன வருஷம்தான் விளங்கியது.

போன வருஷம் கத்திரி வெயில் சமயம். பெட்டியில் 60 முட்டை வைத்திருந்தேன். அதில் 20 முட்டை என்னுடையதில்லை. மேலத்தெருவில் எனக்கு மதினி முறையாகும் ஒருத்தி, தன் பெருவிடைக் கோழி முட்டைகளைப் பொரித்துத் தரச் சொல்லிக் கொடுத்திருந்தாள். வீட்டுக்காரர் இல்லாமல், இரண்டு ஆடும் நாலு கோழியும் வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிறவள். ஏழாம் நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்ததில் 8 முட்டை கூமுட்டை. அத்தனையும் என் முட்டைகள். எடுத்துவிட்டேன். மீதி 52லும் சிலந்தி கால் விரித்த மாதிரி ரத்த நரம்பு ஓடியிருந்தது.

18ஆம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்தினேன். அதற்கு மேல் திருப்பக் கூடாது, குஞ்சு வெளியே வருவதற்குத் தோதாகத் தலையைத் திருப்பி வைத்துக்கொள்ளும் சமயம் அது. ஈரம் கூடுதலாக வேண்டும் என்பதால் இன்னொரு தட்டில் தண்ணீர் வைத்து, அதில் துணியை நனைத்துப் போட்டேன். அன்று ராத்திரி ஒரு முட்டையை டார்ச்சின் மேல் நிறுத்திப் பார்த்தேன். முழுக்க இருட்டு. அகலமான பக்கத்தில் காற்று நிற்கும் இடம் மட்டும் வெளிச்சமாக இருந்தது. அந்த வெளிச்சத்தின் ஓரத்தில் ஒரு நிழல் தட்டித் தட்டி அசைந்தது. பக்கத்தில் இருந்த மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

மறுநாள் 19ஆம் நாள். திருமங்கலத்தில் ஒரு காதுகுத்து. முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டேன், அப்போது பேப்பர் வந்திருக்கவில்லை. 9 மணிக்குக் கரண்ட் போயிருக்கிறது. மருமகள் கெட்டிக்காரி. மார்கழியில் ஒரு தடவை கரண்ட் போனபோது நான் என்ன செய்தேன் என்பதை ஞாபகம் வைத்திருந்தாள். பெட்டி விற்றவர் கொடுத்த ஒரு பக்கத் தாளிலும் 'மின்சாரம் இல்லாதபோது கம்பளியால் மூடவும்' என்றுதான் போட்டிருந்தது. அவள் அப்படியே செய்தாள். பெட்டியை ஒரு கம்பளியால் சுற்றி, மேலே இரண்டு பழைய சேலையையும் போர்த்திவிட்டாள்.

நான் வீட்டுக்குத் திரும்பியபோது மணி மூன்றரை. கரண்ட் வந்திருக்கவில்லை. திண்ணையில் அன்றைய பேப்பர் கிடந்தது. மருமகள் வாசலுக்கே வந்து, "அத்தை, சூடு போயிரக் கூடாதுன்னு நல்லா போர்த்தி வச்சிருக்கேன்" என்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனேன். சேலையை விலக்கிவிட்டு மூடியைத் தூக்கினால் இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி முகத்தில் அனல் அடித்தது. மூடியில் இருக்கும் எண் சரியாகக் காட்டுகிறதா என்று ஒத்துப்பார்க்க, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு வைத்திருப்பேன். சூடு ஏறினால் உதறும்வரை அதில் பாதரசம் இறங்காது. ஃபாரன்ஹீட்டில் 99.5 காட்ட வேண்டிய அது 106க்கு மேல் நின்றது.

52ல் பொரித்தது 14. மூன்று நாள் பார்த்துவிட்டு மீதியை உடைத்தேன். உள்ளே முழுக் குஞ்சுகள். நகம் இருந்தது, அலகு நுனியில் ஓட்டை உடைக்கும் அந்த வெள்ளைப் புள்ளி இருந்தது, இறகு ஈரமாக ஒட்டியிருந்தது. வலது இறக்கைக்குள் தலையைச் செருகி, வெளியே வரத் தயாராகப் படுத்திருந்தன. மஞ்சள்கரு பாதி வயிற்றுக்குள் போயிருந்தது. மதினி முட்டையில் பொரித்தது ஆறுதான். எனக்குப் பொரித்த எட்டையும் அதோடு சேர்த்து அவளிடம் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றாள், கட்டாயப்படுத்தித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. மருமகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. மார்கழியில் சரியாக இருந்தது கத்திரியில் தப்பாகப் போய்விட்டது. அதை நான்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் எனக்கே அப்போது தெரியாது.

பிறகு திருப்பரங்குன்றத்தில் இருக்கும் கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்துக்குப் போய் விசாரித்தேன். அங்கே விளக்கிச் சொன்னதும்தான், என் கண்முன்னே நடந்துகொண்டிருந்த ஒன்றை நான் கவனிக்காமல் விட்டது புரிந்தது. முட்டை வைத்த முதல் வாரம் பெட்டியில் பல்பு அடிக்கடி எரியும். 15 நாள் தாண்டிவிட்டால் எரிவது குறைந்துவிடும். பெட்டி பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்தச் சமயத்தில் குஞ்சுகளே சூட்டை உண்டாக்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கணப்பு. 52 கணப்புகளை ஒரு தெர்மாகோல் பெட்டியில் அடைத்து, வெளியே 40 டிகிரி வெயில் அடிக்கும்போது, ஃபேனும் நின்று, காற்று போகும் ஓட்டைகளையும் கம்பளியால் அடைத்தால் என்ன ஆகும்? சூடும் போக வழியில்லை, மூச்சுக்கும் காற்றில்லை. முட்டை இரண்டு மணி நேரம் ஆறினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், பொரிப்பது சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். சூடு ஏறினால் பிழைக்காது. அப்பத்தா "ஆறினா ஒண்ணும் ஆகாது" என்றது இதைத்தான்.

ஆகவே கரண்ட் போனால் என்ன செய்வது என்பதற்கு ஒரே பதில் இல்லை. முட்டைக்கு எத்தனையாவது நாள், வெளியே என்ன காலம், எத்தனை மணி நேரம் கரண்ட் இருக்காது, இந்த மூன்றும் தெரிந்தால்தான் முடிவு செய்ய முடியும். மார்கழி, தையில் முதல் வாரத்து முட்டை என்றால் பெட்டியை அடிக்கடி திறக்கக் கூடாது. வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றி, துணி சுற்றி உள்ளே வைத்து, ஓட்டைகளை மறைக்காமல் போர்த்த வேண்டும். கத்திரியில் கடைசி வாரத்து முட்டை என்றால் பெட்டியை வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்துக்கு நகர்த்தி, மூடியை இரண்டு விரல் அகலம் திறந்து, அரை மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். குஞ்சு முட்டை ஓட்டை உடைக்க ஆரம்பித்திருந்தால் இன்னும் சிக்கல். திறந்து வைத்தால் ஈரம் போய், உள்தோல் காய்ந்து குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளும். அப்போது சுற்றிலும் ஈரத்துணி தொங்கவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சூடு பார்க்க நான் இப்போது ஒரு பழைய வழியைப் பழகிக்கொண்டேன். எகிப்தில் பல நூறு வருஷங்களாக மண்ணால் கட்டிய சூளை மாதிரி அறைகளில் ஆயிரக்கணக்கில் முட்டை பொரிக்க வைக்கிறார்கள் என்று படித்தேன். தெர்மாமீட்டர் இல்லாமலே, முட்டையைக் கண் இமையில் வைத்துச் சூட்டைச் சொல்லிவிடுவார்களாம். நானும் கண்ணை மூடிக்கொண்டு முட்டையின் பக்கவாட்டை இமையில் ஒற்றிப் பார்ப்பேன். வெதுவெதுப்பு தெரிந்தால் சரி. சுள்ளென்று தெரிந்தால் மூடியைத் திறந்துவிட வேண்டும். உள்ளங்கையால் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. அடுப்படியில் வேலை செய்த கை, அதற்கு எல்லாம் ஒன்றுதான். இமை ஏமாற்றாது.

இவ்வளவும் செய்வதற்கு ஆள் வீட்டில் இருக்க வேண்டும். வீட்டில் இருக்க வேண்டும் என்பது முந்தின நாளே தெரிய வேண்டும். நான் கேட்பது இதுதான்: 'இன்றைய மின்தடை' என்று போடுவதை 'நாளைய மின்தடை' என்று போடுங்கள். காலையில் எங்கள் கைக்கு வரும் பேப்பர் ராத்திரியே அச்சாகிறது. அப்படியானால் பட்டியல் அதற்கு முன்பே உங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்க வேண்டும். ஒரு நாள் முன்னால் வாங்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பெரிய போன் வைத்திருப்பவர்கள் அதில் பார்த்துக்கொள்கிறார்கள் என்று என் மகன் சொல்கிறான். எங்கள் தெருவில் பட்டன் போன்தான் பலரிடம் இருக்கிறது. மதினியிடமும் அதுதான். அவளுக்கு நான்தான் உங்கள் பேப்பரைப் படித்துச் சொல்கிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். ஒவ்வொரு துணை மின் நிலையத்துக்கும் மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் ஒதுக்குகிறார்கள். அந்தத் தேதிகளை வாங்கி, மாசத்தின் முதல் வாரத்திலேயே மதுரை மாவட்டம் முழுவதற்கும் ஒரு தடவை போட முடியுமா? பிறகு தேதி மாறினால் மாறட்டும், அந்த மாற்றத்தை முந்தின நாள் போட்டால் போதும். முந்தின நாள் தெரிந்தால் எங்களால் தற்காத்துக்கொள்ளத்தான் முடியும். மாச முதலிலேயே தெரிந்தால் முட்டை வைக்கும் நாளையே தள்ளிவைப்போம். 18 முதல் 21 வரையான அந்த நாலு நாள் பராமரிப்பு நாளில் விழாதபடி எண்ணி வைத்துவிடலாம். நல்ல காலத்தில் முட்டையை ஒரு வாரம் வரை எடுத்து வைத்திருந்து பெட்டியில் வைக்கலாம். கத்திரியில் நாலு நாளுக்கு மேல் நான் வைப்பதில்லை, எங்கள் வீட்டுச் சூட்டுக்கு உள்ளே கரு அரைகுறையாகக் கிளம்பிக் கெட்டுவிடும். ஆகவே கோடையில் கைக்குக் கிடைக்கும் அவகாசம் அந்த நாலு நாள்தான். தேதி தெரிந்தால் அந்த நாலு நாளை வைத்தே சமாளித்துவிடுவேன்.

ஊர்ப் பெயர்களையும் சுருக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். துணை மின் நிலையத்தின் பெயரைப் போட்டு, இரண்டு ஊரைச் சொல்லி, 'மற்றும் சுற்றுவட்டாரப் பகுதிகள்' என்று முடித்துவிடுகிறீர்கள். எங்கள் ஊர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு மாசம் இருக்கிறது, ஒரு மாசம் இல்லை. இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சின்னதாக்குங்கள், கண்ணாடி போட்டுப் படித்துக்கொள்கிறோம்.

இன்வெர்ட்டர் வாங்கலாமே என்று பலரும் சொல்கிறார்கள். என் பெட்டியின் விலை 6,500 ரூபாய். பகல் முழுக்கத் தாங்குகிற பேட்டரியோடு இன்வெர்ட்டர் வாங்கினால் பெட்டியைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆகும். நாலு கோழி வைத்திருப்பவளால் அது முடியாது. என் வீட்டில் மகன் வாங்கி வைத்த பழைய இன்வெர்ட்டர் ஒன்று இருக்கிறது, மூன்று மணி நேரம் தாங்கும். பராமரிப்பு என்றால் ஏழெட்டு மணி நேரம். அந்த மூன்று மணியை எப்போது செலவழிப்பது என்று தீர்மானிக்கவும் எனக்குப் பட்டியல்தான் வேண்டும்.

பராமரிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கம்பியில் உரசும் கிளையை வெட்டாவிட்டால் காற்றுக் காலத்தில் என்ன ஆகும் என்று தெரியும். வெயிலில் கம்பம் ஏறி நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தால் மோர் கொடுத்துத்தான் அனுப்புகிறோம். முன்கூட்டித் தெரிய வேண்டும், அவ்வளவுதான். தெரிந்தால் பயன்படுவது எங்களுக்கு மட்டுமில்லை. சர்க்கரைக்குப் போடும் ஊசி மருந்தை ஃபிரிஜ்ஜில் வைத்திருப்பவர்கள், மாவு மில்லுக்குக் குடத்தைச் சுமந்துகொண்டு போகிறவர்கள், தையல் மிஷினில் மோட்டார் போட்டிருக்கும் பெண்கள் எல்லோருக்கும் அது வேண்டும்.

வீட்டிலேயே குஞ்சு பொரித்து வருமானம் பார்க்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் அவ்வப்போது எழுதுகிறீர்கள். நல்ல விஷயம், எழுதுங்கள். அடுத்த தடவை எழுதும்போது கரண்ட் போனால் போர்த்துவதா திறப்பதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து விட வேண்டும் என்பதையும் எழுதுங்கள். புதிதாகப் பெட்டி வாங்குகிறவர்கள் இரண்டையும் விட்டுவிடுகிறார்கள்.

இப்போது என் பெட்டியில் 48 முட்டைகள் இருக்கின்றன. மதினியுடையவை 15, பென்சிலால் குறி போட்டு வைத்திருக்கிறேன். டார்ச் அடித்துப் பார்த்தாகிவிட்டது, இன்றைக்கு ஒன்பதாம் நாள். வருகிற வாரத்துக்கு அடுத்த வாரம் 18ஆம் நாள் வருகிறது. அந்த வாரத்தில் எங்கள் பக்கம் எந்த நாளில் கரண்ட் இருக்காது என்பதை ஒரு நாள் முன்னதாக உங்கள் பேப்பரில் பார்த்துவிட்டால், அன்றைக்கு எங்கேயும் கிளம்பாமல் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
செல்லம்பட்டி ஒன்றியம், உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.